கதவின் உட்பக்கம்

என் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது கொழும்பில் நவீன ஓவியக் காட்சியகம் ஒன்றுக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது. போவதாயிருந்தால் ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன். உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் கறுப்புத் திரை தொங்கும் அறை ஒன்று இருக்கும். அதற்குள் தனியாகப் போகாதீர்கள்.

நான் போனேன். எதையும் முந்திக்கொண்டு பார்க்கிற புத்தி எனக்கு. உள்ளே கும்மிருட்டு. எதிர்ச் சுவரில் மூடுபனி ஓடிக்கொண்டிருந்தது, படமாக. அட, இதைப் பார்க்கவா விடியக் காலையில் எழும்பி ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, ஆறு மணி நேரம் இடுப்பு நோகக் குந்தியிருந்து வந்தேன்? வீட்டு ஜன்னலைத் திறந்தால் இதைவிட நல்ல பனி சும்மாவே உள்ளே வருமே. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினால் வந்த வழியைக் காணவில்லை. துணியைத் தடவுகிறேன், பின்னால் சுவர். தள்ளிப் போய்த் தடவுகிறேன், அங்கேயும் சுவர். மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. "யாராச்சும் இருக்கீங்களா? கதவு எங்க இருக்கு?" என்று கத்தியே விட்டேன். சீருடை போட்ட சிங்களப் பிள்ளை ஒன்று ஓடி வந்து, "மே பெத்தென், அம்மே" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். வழி இந்தப் பக்கமாம். கதவே இல்லையாம், திரைதானாம்.

சிரிக்காதீர்கள். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களுக்குத் தெரியும். மார்கழிக் குளிரிலும் என் வகுப்புக் கதவு திறந்தே கிடக்கும். "டீச்சர், குளிருது டீச்சர், கதவச் சாத்துங்க" என்று பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சுவார்கள். மாட்டேன். இன்றைக்கும் குளிக்கப் போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, வாளியைத்தான் முட்டுக் கொடுத்து வைப்பேன். இது வயதானதால் வந்த வியாதி இல்லை. பத்து வயதில் வந்தது.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஓவியம் படித்த ஒரு பிள்ளை. என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவள், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து டிவிஷன்காரி. எங்கள் பழைய லயத்தை, அந்த வரிசை வீடுகளை, உடைத்துத் தனி வீடுகள் கட்டத் தொடங்கியபோது அவள் வாடகை லொறி ஒன்றோடு வந்து நின்றாள்.

"டீச்சர், ஒங்க பழைய காம்பராக் கதவு எதாச்சும் இருக்குங்களா?"

"கதவ வச்சு என்னடி பண்ணப் போற? கல்யாணத்துக்குச் சீதனமா?"

"கண்காட்சிக்கு டீச்சர். லயத்துக் கதவெல்லாம் சேக்குறேன்."

என்னிடம் ஒன்று இருந்தது. விறகுக் கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டிருந்தோம். ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட் உரிந்தது, மறுபக்கம் அடுக்கடுக்காகப் பத்திரிகைத் தாள் ஒட்டியது. அது எந்தக் கதவு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. "தூக்கிட்டுப் போ, கரையான் தின்ன மிச்சம்" என்றேன். அது என் வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

இனி அந்தக் கதவின் கதை.

எங்கள் தோட்டம் நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. அதற்கு முன்னால் மறைப்புக் கட்டிய திண்ணை, இஸ்தோப்பு. இஸ்தோப்பில் அடுப்பு, விறகு, கோழிக்கூடு, நாங்கள். உள் காம்பராவில் தகரப்பெட்டி, சாமிப் படம், கம்பளிகள். ஜன்னல் கிடையாது. கூரைத் தகரத்தில் ஒரு சாண் கண்ணாடி பதித்திருந்தார்கள், பகலில் அதுதான் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் கதவு.

அப்போது இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி தோட்டம் தோட்டமாக ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யார் வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்தது, யார் வீட்டுக்கு வரவில்லை என்பதுதான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேச்சு. அப்பா ஒரு யோசனை செய்திருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முதலில் போவதாக இருந்தது. அவருடைய தாளில் என் அக்காவின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார். அங்கே போனதும் மாமா மகனுக்கு அக்காவைக் கட்டிவைப்பது. ஒரு பிள்ளை அங்கே இருந்தால் எங்களுக்கும் அங்கே ஒரு கால் ஊன்றியதாகிவிடும், அப்புறம் நாங்கள் போவது லேசு என்று கணக்குப் போட்டார். நம் ஆட்களில் எத்தனை பேர் இதே கணக்கைப் போட்டார்கள்! குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே குடும்பத்தைப் பிய்த்தோம்.

அக்காவுக்கு அப்போது பதினாறு. எங்கள் லயத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அந்த மார்கழியில் அவளுக்குச் சோதனை. எழுதிப் பாஸ் பண்ணினால் டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று பள்ளிக்கூடத்து மாஸ்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் வேண்டாம். லயத்துப் பிள்ளைகளைக் கோழிக்கூட்டுக்கு முன்னால் உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். நான்தான் முதல் மாணவி. நிறைய அடி வாங்கிய மாணவியும் நான்தான்.

பெயர்களைச் சரிபார்க்க அதிகாரி ஒருவர் தோட்டத்துக் கந்தோருக்கு, ஆபீசுக்கு, வந்தார். மாமா குடும்பத்தோடு அக்காவும் வரிசையில் நிற்கவேண்டும். அவளுடைய பெயரைக் கூப்பிட்டதும், அத்தனை ஆட்களுக்கு முன்னால், "நா போகல. என் பேர வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டாள். மாமா சிரித்து மழுப்பி, "சின்னப் புள்ளங்க, பயப்படுது" என்று காரியத்தை முடித்துவிட்டார். அப்பாவுக்குத்தான் முகமே இல்லை. மறுநாள் விடியற்காலையில் புத்தகங்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போன அக்காவை மாமா கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஹட்டனில் ஒரு கூட்டாளி வீட்டில் ஒளிந்திருந்து சோதனை எழுதலாம் என்று போயிருக்கிறாள்.

அன்றைக்கே அப்பா கடையில் ஒரு ஆமைப் பூட்டு வாங்கி வந்தார். இந்தியாவுக்குக் கோச்சி ஏறுகிற நாள்வரைக்கும் அக்கா உள்ளே. விடியுமுன்னே ஒரு தரம், அந்திக்கு ஒரு தரம், அம்மா கூடவே போய்ப் பீலிக்குக் கூட்டிப் போய் வருவாள். மற்ற நேரமெல்லாம் பூட்டு.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அப்பாவும் அம்மாவும் காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனால் அந்திக்குத்தான் வருவார்கள். முந்திய வருடம் மேல் டிவிஷனில் ஒரு லயம் அடுப்புத் தீயில் எரிந்து போயிருந்தது. அம்மா சண்டை பிடித்தாள்.

"தீ கீ புடிச்சா எம்புள்ள உள்ளயே வேகணுமா? ஒரு சாவிய வீட்டுல வச்சுட்டுப் போங்க."

"வச்சா அவ சின்னவள ஏமாத்தி வாங்கிருவா."

"அவகிட்ட சொல்லாம இருந்தாப் போச்சு."

அப்படித்தான் சாவி என்னிடம் வந்தது. அம்மா அதை ஒரு ஊக்கில் கோத்து, பாவாடைப் பட்டியில் பின்பக்கம், சட்டைக்கு உள்ளே தெரியாதபடி குத்திவிட்டாள். அப்பா எனக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"சாவி ஓங்கிட்ட இருக்குன்னு அக்காவுக்குத் தெரியக் கூடாது. தீ புடிச்சாத்தான் தொறக்கணும். வேற எதுக்காச்சும் தொறந்த, அக்கா ஓடிரும். அப்பறம் ஒனக்கு அக்காவே கெடையாது, பாத்துக்க."

அக்காவே கிடையாது. பத்து வயதுப் பிள்ளையிடம் இதைவிடப் பெரிய பூட்டு போட முடியுமா? எனக்குத் தலை வாரிவிட்டவள், எனக்குப் பேன் பார்த்தவள், நான் பயந்தால் கம்பளிக்குள் இழுத்து அணைத்துக்கொண்டவள் அவள்தான். அவள் ஓடிப் போகக் கூடாது. அதற்காக நான் எதையும் செய்வேன். என் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டார்கள், காவலுக்கு ஆள் வேண்டுமே.

இப்படியாக உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. உள்ளே இருந்தவளுக்கு வெளியே வர முடியாது. வெளியே இருந்தவள் அந்தக் கதவை விட்டுப் பத்தடி தள்ளிப் போக முடியாது. மற்றப் பிள்ளைகள் கீழே பாதையில் விளையாடுகிற சத்தம் கேட்கும். மலைக்கு யாத்திரை போகிற பருவம் தொடங்கியிருந்தது. முன்பக்கம் கமுகம் பூ கட்டிய பஸ்கள் பாட்டும் சத்தமுமாக லயத்துக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும். நான் கதவில் சாய்ந்து குந்தியிருப்பேன். சாய்ந்தால் சாவி முதுகில் குத்தும், தள்ளி உட்காருவேன், மறுபடி குத்தும். அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாசமும் கோழி எச்சத்து நாற்றமும் சேர்ந்த ஒரு வாசம் உண்டே, அது இன்றைக்கு எங்கே வந்தாலும் என் முதுகில் அந்த இடம் வலிக்கும்.

முதல் நாள் முழுக்க அக்கா பேசவில்லை. இரண்டாம் நாள் கதவுக்குக் கீழே இருந்து குரல் வந்தது. அவளும் கதவில் சாய்ந்து தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், பள்ளிக்கூடம் போகலயா நீ?"

"அப்பா போக வேணாண்டாரு."

"என்னால ஒனக்கும் கேடா? சரி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

அன்று தொடங்கியது. காலையில் கணக்கு, மத்தியானம் ரொட்டியைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்ட பிறகு தமிழ், பிறகு ஆங்கிலச் சொல். அவள் கேட்பாள், நான் சொல்வேன். "சரி" என்பாள், அல்லது "பிழை, மண்டு" என்பாள். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் உள்ளே மரத்தில் ஏதோ கீறுகிற சத்தம் கேட்கும். கொண்டை ஊசியை வைத்துக் கதவை நோண்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பொழுது போகவேண்டுமே அவளுக்கும். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகப் படித்த பள்ளிக்கூடம் அதுதான்.

மாஸ்டர் ஒரு நாள் அந்திக்கு லயத்துக்கே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளை வேட்டியில் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்பில் நின்றார்.

"தம்பி, சோதனைக்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்கு. பிள்ளை எழுதினால் கட்டாயம் பாஸ் பண்ணுவாள். எழுதிப்போட்டுப் போகட்டுமே. நானே கூட்டிக்கொண்டு போய், நானே கொண்டுவந்து விடுறன்."

"ஐயா சொல்றது சரிதானுங்க" என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. "ஆனா அங்கயும் பள்ளிக்கூடம் இருக்குங்களே. இங்க பாஸ் பண்ணி என்னங்க, நீ எந்த நாட்டுக்காரன்னுதான கேக்குறான். அங்க போனா அப்படி ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அப்பா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். அவருடைய கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்காத ஊரை அத்தனை நம்பினார். அக்காவை ஒரு இருட்டிலிருந்து தூக்கி வெளிச்சத்தில் வைக்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் அந்த இருட்டில் பூட்டினார். இன்றைக்கு என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

மாஸ்டர் போகும்போது கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "பிள்ளை, உன்ர சோதனைச் சீட்டு என்னட்டத்தான் கிடக்கு. அண்டைக்கு நான் பஸ்ஸடியில நிற்பன்."

சோதனை நாள் வந்தது. அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். விடியக் காலைப் பனி இஸ்தோப்புக்குள்ளும் வந்திருந்தது. அக்கா மெல்லக் கதவைத் தட்டினாள்.

"தங்கச்சி."

"ம்."

"சாவி ஓங்கிட்ட இருக்கா?"

"இல்லக்கா. அப்பா கொண்டு போயிட்டாரு."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா."

"ஓடிற மாட்டேன்டி. எழுதிட்டு அந்தி பஸ்ஸுக்கு வந்துருவேன். சாமிப் படம் இங்கதான் இருக்கு, தொட்டுச் சொல்றேன்."

நான் சட்டைக்கு மேலால் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே மலையிலிருந்து இறங்குகிற முதல் பஸ் வந்து நின்றது. இரவெல்லாம் ஏறி இறங்கிய ஆட்கள் தலைக்குத் துணி சுற்றிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகத் தூங்கி வழிந்தார்கள். மாஸ்டர் குடையோடு நின்று லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஹோர்ன் அடித்தது. மாஸ்டர் கையைக் காட்டி ஏதோ கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார். பிறகு பஸ் போய்விட்டது. அவர் ஏறவில்லை, அங்கேயேதான் நின்றார்.

"சரி விடு" என்றாள் அக்கா உள்ளிருந்து.

அன்றைக்கு அவள் பாடம் எதுவும் கேட்கவில்லை. ரொட்டியைத் தள்ளினேன், அது அப்படியே திரும்பி வந்தது. நான் அழுதேன். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அழுகைக்கு நடுவில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அக்கா ஓடவில்லை, என் அக்கா எனக்கு இருக்கிறாள். அப்படி நினைத்தேன் நான், மண்டு.

மறுநாள் காலை மறுபடி குரல் வந்தது. "ஒம்போதாம் வாய்ப்பாடு சொல்லு." எனக்கு மூச்சு வந்தது. அவள் கோபத்தை மறந்துவிட்டாள் என்று துள்ளினேன். ஆனால் பயத்திலும் வெட்கத்திலும் நாக்குக் குளறியது. ஒன்பதேழு அறுபத்துநாலு என்றேன். "பிழை" என்ற சொல் வரவில்லை, கீறுகிற சத்தம் மட்டும் வந்தது. அன்றையும் சேர்த்து ஆறு நாள் அப்படிப் போனது.

கோச்சி ஏறுகிற அன்று அப்பா தன்னிடமிருந்த மற்றச் சாவியால் பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளி உள்ளே போனவர், பகல் வெளிச்சத்தில் அதன் உட்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நாள எண்ணியிருக்கா, பாவி மக" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்களுடைய கைகளுக்கு நடுவால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோடு கோடாக ஏதோ. அதற்குள் அக்கா தகரப்பெட்டியோடு வெளியே வந்துவிட்டாள். வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. ஹட்டன் ஸ்டேஷனில் அழுகைதான், அதைப் பற்றி நான் என்ன சொல்ல, நீங்கள் எல்லாரும் யாரையாவது அந்தக் கோச்சியில் ஏற்றிவிட்டு வந்தவர்கள்தானே. அம்மா பிளாட்பாரத்தில் விழுந்து புரண்டாள். அப்பா, "பின்னாடியே வந்துருவோம்மா, பின்னாடியே வந்துருவோம்" என்று கோச்சியோடு ஓடினார். அக்கா ஜன்னலால் என் தலையில் கை வைத்து, "பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கோதுமை மாப் பசை காய்ச்சி அந்தக் கதவின் உட்பக்கம் முழுக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டினார். கிழியக் கிழிய மேலே மேலே ஒட்டினார். பூட்டைப் பீலிக்குக் கீழே பள்ளத்தில் எறிந்தார். என்னிடமிருந்த சாவியைக் கேட்கவே இல்லை. அதை நான் எங்கே தொலைத்தேன் என்று எனக்கும் தெரியாது.

எங்கள் பாஸ்போர்ட் பிந்தி வந்தது. வந்து கொஞ்ச காலத்தில் நாட்டில் சண்டை முற்றி, கப்பலும் நின்றுவிட்டது. அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் விறைத்து நிற்கிற அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே அப்பா வயதாகிப் போனார். அவர் கண்ணை மூடுகிறவரைக்கும் அக்காவைப் பார்க்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா எழுதாத சோதனையை எழுதினேன், அக்கா கேட்ட வேலை எனக்குக் கிடைத்தது. அக்கா கோத்தகிரிப் பக்கம் இருக்கிறாள். கடல் தாண்டிப் போய், அங்கேயும் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்துதான் எடுத்தாள். இப்போது முழங்கால் போய்விட்டது. ஞாயிறு தவறாமல் போனில் பேசுவோம். மழை, முழங்கால், யார் வீட்டில் கல்யாணம். அந்தக் கதவைப் பற்றி மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு சொல் பேசியதில்லை. சாவி என்னிடம் இருந்தது அவளுக்குத் தெரியாது, தெரியாமலே போகட்டும் என்றுதான் இருந்தேன்.

சரி, காட்சியகத்துக்கு வருவோம். இருட்டறையில் இருந்து மீண்டவளை ஓவியப் பிள்ளை கையைப் பிடித்து நடு மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள். வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம், ஒரு ஜன்னல் கிடையாது, ஏசிக் குளிர். நடுவில் இரும்புக் கால் வைத்து நிறுத்தியிருந்தார்கள் என் கதவை. பத்திரிகைத் தாள்களை ஈரப் பஞ்சு வைத்துப் பட்டை பட்டையாக உரித்து எடுத்துத் தனியே கண்ணாடிக்குள் வைத்திருந்தாள். உட்பக்கம் எங்களைப் பார்த்து நின்றது. நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, அந்தப் பக்கத்தை அன்றுதான் முழுதாகப் பார்க்கிறேன்.

அடியில், தரையில் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், கோடுகள். வரிசை வரிசையாக. நேர்கோடு, நேர்கோடு, இடையில் ஒரு சாய்ந்த கோடு, மறுபடி நேர்கோடு. பக்கத்தில் மூன்று மொழியில் எழுதி வைத்திருந்தார்கள்: தோட்டத்துப் பெண் தொழிலாளி ஒருவர் தான் பறித்த கொழுந்தின் நிறையை வீட்டுக் கதவில் பதிந்து வைத்தது. கோட் போட்ட ஒரு பெரிய மனிதர் இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு அதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எப்படி இருக்கு?" என்றாள் பிள்ளை, கண்ணெல்லாம் ஆசையோடு.

நாள் எண்ணியது என்றால் கோடு இத்தனை எதற்கு? எண்ணிப் பார்த்தேன். வரிசைகள்தான் நாள் கணக்குக்குக் கிட்ட வந்தன. ஒவ்வொரு வரிசையிலும் பத்து, இருபது, முப்பது கோடு. ஒரு இடத்தில் மட்டும் ஒரு வரிசை அகலத்துக்கு வெறும் மரம். அதற்குக் கீழே ஆறு வரிசை. என்னை அறியாமல் குந்தி, கையை வைத்துவிட்டேன். காவல்காரப் பையன், "அத்த தியன்ன எபா, அம்மே" என்று ஓடி வந்தான். தொடக் கூடாதாம். என் முதுகு தேய்ந்த கதவு அது.

போனில் அந்தக் கோடுகளைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "நம்ம காம்பராக் கதவுக்கா. நீ நாள் எண்ணுன கோடா இது?" என்று பேசியும் அனுப்பினேன். அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டேன். பதில் உடனே வந்தது, பின்னால் கோழி கூவுகிற சத்தத்தோடு.

"அடியாத்தீ, இது இன்னும் இருக்கா? நாளா? போடி இவளே, நாள எண்ணி நா என்ன செய்ய? அது ஒன் மார்க்குடி! நேர்கோடு சரி, சாஞ்சது பிழை. கொப்பி இல்ல, அதான் கதவுல போட்டேன்."

மண்டபமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். சிரிப்பு அப்படியே அழுகையாகப் போய்விட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது நாள் கணக்கு. கோட் போட்ட மனிதருக்குக் கொழுந்துக் கணக்கு. ஒரு டீச்சர் முதலும் கடைசியுமாகப் போட்ட மார்க் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்கூட. அந்த நேரத்தில்தான் வாய் தானாகத் திறந்தது. போனை உதட்டுக்குக் கிட்ட வைத்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்குச் சாவி ஏங்கிட்டதான் இருந்துச்சு."

அவள் கேட்டுவிட்டாள் என்று அடையாளம் விழுந்தது. கோட் போட்ட மனிதர் போய்விட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போனது. எழும்பி வெளியே போகவும் முடியவில்லை. திரும்பவும் அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன் நான், பத்து வயதில். பிறகுதான் பதில் வந்தது. கோழிச் சத்தம் இல்லை, அறைக்குள் போய்ப் பேசியிருக்கிறாள்.

"தெரியும்டி. நீ கதவுல சாயும்போதெல்லாம் டொக்கு டொக்குனு இடிக்கும். மொத நாளே தெரியும். நீயாத் தொறப்பன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மறுபடி கதவுக்கு முன்னால் போய்க் குந்தினேன். பிள்ளை பயந்துபோய், "டீச்சர், என்னங்க டீச்சர், தண்ணி கொண்டு வரவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெறும் மரமாக விட்டிருந்த வரிசைக்குக் கீழே உள்ள ஆறு வரிசையையும் ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். முப்பது வருடம் கொப்பி திருத்திய கண் இது, பிசகாது. அந்த ஆறு நாளும் நான் எத்தனை பிழை விட்டேன் என்று எனக்குத் தெரியும். ஒன்பதேழு அறுபத்துநாலு என்றதும் தெரியும். அங்கே சாய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் சரி போட்டிருக்கிறாள் என் அக்கா.